எட்டு மாதம் என்ற எண்

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி

உயிரியல் பாடத்தில் மனித உடலை அங்கம் அங்கமாகப் படிக்கிறோம். இதயத்துக்கு ஒரு படம் வரைகிறோம். சிறுநீரகத்துக்கு ஒரு படம் வரைகிறோம். ஆனால் வயிற்றறையின் உட்சுவரை மூடி, குடலையும் ஈரலையும் இரைப்பையையும் போர்த்தியிருக்கும் மெல்லிய விரிப்பை யாரும் தனியாக வரைவதில்லை. வேறு ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் அது ஒரு கோடாக இருக்கும். அதன் பெயர் பெரிற்றோனியம். தமிழில் சுற்றுவிரி என்பார்கள்.

சென்ற வருடம் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அந்தக் கோட்டைப் பற்றியே பேச வேண்டி வந்தது. வாப்பாவின் தங்கச்சியான என் மாமிக்கு அந்தச் சுற்றுவிரியில் புற்றுநோய் வந்தது. மீசோதீலியோமா என்பது அதன் மருத்துவப் பெயர். உலகிலேயே மிக அரிதாக வரும் புற்றுநோய்களில் ஒன்று அது. இதை எழுதலாமா என்று மாமியிடம் கேட்டபோது, "என்ட பேர மட்டும் போடாத மகள். மத்ததெல்லாம் எழுது. நாலு பொம்புளைகளுக்கு உதவும்" என்றார். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

மாமிக்கு வயது 43. தையல்காரி. எங்கள் தெருவில் பெருநாள் உடுப்பு, பாடசாலைச் சீருடை, அபாயா எல்லாம் மாமியின் மெஷினில்தான் உருவாகும். அவர் முதலில் கவனித்தது பாவாடை நாடா இறுகுவதைத்தான். நாலு வாய் சோறு சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். கையும் கழுத்தும் மெலிந்தன. வயிறு மட்டும் பெருத்தது. "என்ன, விசேஷமா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மாமி சிரித்துச் சமாளித்தார்.

ஒரு டிஸ்பென்சரியில் காட்டியபோது காஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒருவர் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இன்னொருவர் உள்ளிப்பூண்டு சுட்டுச் சாப்பிடச் சொன்னார். இப்படியே நான்கு மாதங்கள் போயின. அந்த வைத்தியர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. வயிறு ஊதுகிறது என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது காஸாகத்தான் இருக்கும். ஆனால் காஸ் வரும், போகும். மாமியின் வீக்கம் போகவே இல்லை. வாரத்துக்கு வாரம் கூடியது. அந்த வித்தியாசம்தான் முக்கியம் என்பதைப் பிறகு வைத்தியர்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இந்த நோய் ஏன் இவ்வளவு தாமதமாக வெளியே தெரிகிறது என்பதைச் சுற்றுவிரியின் அமைப்பே சொல்கிறது. அது இரண்டு படைகளாக இருக்கிறது. ஒன்று வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மற்றது உறுப்புகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சிறிதளவு திரவம் இருப்பதால்தான் நாம் நடக்கும்போதும் குனியும்போதும் குடல்கள் உரசாமல் வழுக்கிக்கொண்டு அசைகின்றன. மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்த விரிப்பை விரித்துப் பார்த்தால் அதன் பரப்பளவு ஏறத்தாழ நமது தோலின் பரப்பளவுக்குச் சமமாக இருக்குமாம். அதன் மேற்பரப்பில் ஒரே ஒரு படையாகத் தட்டையான கலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மீசோதீலியக் கலங்கள் என்பது அவற்றின் பெயர். அந்தக் கலங்களில் தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் ஓரிடத்தில் ஒரு பெரிய கட்டியாக வளர்வதில்லை. கடுகு தூவியதுபோல விரிப்பு முழுவதும் சிறு சிறு புள்ளிகளாகப் பரவுகிறது. தொட்டுப் பார்த்தால் கட்டி அகப்படாது. நீர் சேரச் சேர வயிறு பெருக்கும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று தெரியும்.

ஐந்தாவது மாதம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் நீர் இருப்பது தெரிந்தது. ஊசி மூலம் அதை எடுத்தார்கள். முதல் தடவையே நான்கு லீற்றர் வந்தது. மாமிக்கு மூச்சு விடுவது இலகுவானது. அன்றிரவு அவர் பல நாட்களுக்குப் பிறகு நேராகப் படுத்துத் தூங்கினார். நோய் தீர்ந்தது என்றே நாங்கள் நினைத்தோம். பத்து நாளில் நீர் திரும்பவும் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு ஒரு பாடம். வயிற்றில் நீர் சேர்வது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. ஈரல் பழுதடைந்தாலும் நீர் சேரும். இதயம் பலவீனப்பட்டாலும் சேரும். சூலகப் புற்றுநோயிலும் சேரும். நமது பகுதி நாடுகளில் காசநோய் சுற்றுவிரியைத் தாக்குவதும் உண்டு; அப்போதும் இதே வீக்கம், இதே மெலிவு, ஸ்கேனிலும் ஏறத்தாழ இதே தோற்றம். ஆகவே வைத்தியர்கள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஈரல் நன்றாக இருந்தது. இதயமும் அப்படியே. சீ.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு கூடியிருந்தது. சூலகப் புற்றுநோயில் அது கூடும் என்று கேள்விப்பட்டதும் உம்மா அழத் தொடங்கினார். ஆனால் காசநோயிலும், சுற்றுவிரியைத் தாக்கும் வேறு பல நோய்களிலும் அது கூடும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்று வைத்தியர் சொன்னார்.

எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அதிலும் திட்டமான பதில் கிடைக்கவில்லை. மீசோதீலியோமாவில் இது அடிக்கடி நடப்பது. காரணம், வேறு ஏதாவது நோயால் எரிச்சலடைந்த சாதாரண மீசோதீலியக் கலமும், புற்றுநோயாக மாறிய கலமும் நீரில் மிதக்கும்போது ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கும். ஆகவே இழையத்தையே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொப்புளருகே சிறு துளையிட்டு, கமெரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கும் லப்பரஸ்கொப்பி மூலம் சில துண்டுகளை எடுத்தார்கள்.

அந்தத் துண்டுகள் நோயியல் நிபுணரிடம் போயின. அங்கே நடந்த பரிசோதனையை நான் எங்கள் பாடப்புத்தகத்தின் துணையோடுதான் விளங்கிக்கொண்டேன். பிறபொருளெதிரி ஒன்று தனக்குரிய புரதத்தோடு மட்டுமே சேரும் என்று நிர்ப்பீடனப் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதையே இங்கே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். நிறமூட்டக்கூடிய பிறபொருளெதிரிகளை இழையத்தின் மீது இடுகிறார்கள். கல்ரெட்டினின் என்ற புரதம் இருந்தால் ஒரு நிறம் தெரியும். அது மீசோதீலியக் கலங்களுக்கு உரிய அடையாளம். சூலகத்திலிருந்தோ குடலிலிருந்தோ வந்த புற்றுநோய் என்றால் வேறு அடையாளங்கள் நிறம் காட்டும். எந்த ஒன்றும் தனியாகச் சாட்சி சொல்லப் போதாது. பல சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும். நாங்கள் மூன்று வாரம் காத்திருந்தோம். அந்த மூன்று வாரமும் எங்களுக்கு மூன்று வருடம் போலிருந்தது. ஆனால் அவசரப்பட்டுத் தவறான பெயரை வைத்திருந்தால் தவறான மருந்துதான் கிடைத்திருக்கும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கலாம். பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பதே சிகிச்சையின் முதற்படி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் என்று பெரியப்பாவின் மகன் காக்காவும் நானும்தான். காக்கா அந்தப் பெயரைத் தொலைபேசியில் தேடினார். எதையோ வாசித்தவர் முகம் மாறி வாசலுக்குப் போனார். பின்னாலேயே வாப்பாவும் போனார். "எட்டு மாசம் எண்டு போட்டிரிக்கி சாச்சா" என்று காக்கா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த எண் வீட்டுக்குள் வந்ததிலிருந்து எல்லாம் அதைச் சுற்றியே நடந்தது. மாமிக்குச் சொல்லக்கூடாது என்பது முதல் முடிவு. அடுத்து, பெரியப்பா இன்னொரு கதையைத் தொடங்கினார். "எட்டு மாசத்துக்காக அந்தப் புள்ளயக் கொழும்புக்கு இழுத்துக்கிட்டுத் திரியிறதா? ஊசி போட்டு முடி கொட்டி, வாந்தி எடுத்து, அங்க ஒரு வாட்டில கிடக்கிறத விட, ஊட்டுல நிம்மதியா இருக்கட்டும்." பெரியப்பா கல்நெஞ்சக்காரர் அல்ல. தங்கச்சி மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் பேச்சு எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு எண் மாமியின் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடும் நிலைக்கு வந்திருந்தது.

அடுத்த நாள் பாடசாலையில் உயிரியல் டீச்சரிடம் இதைச் சொன்னேன். எட்டு மாதம் என்றதும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த எட்டு மாதத்துக்கு ஒரு கதை இருக்கிறது" என்றார். மறுநாள் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் போட்டோ பிரதியைக் கொண்டுவந்து தந்தார். அதை எழுதியவர் ஸ்டீபன் ஜே கூல்ட். அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உயிர்ச்சுவடுகளையும் கூர்ப்பையும் ஆராய்ந்தவர். 1982 ஜூலையில், 40 வயதில், அவருக்கு வயிற்றுச் சுற்றுவிரியில் மீசோதீலியோமா கண்டுபிடிக்கப்பட்டது. மாமிக்கு வந்த அதே நோய்.

சத்திரசிகிச்சை முடிந்து எழுந்ததும் அவர் தன் வைத்தியரிடம், இந்த நோயைப் பற்றி வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். வாசிக்கத்தக்கதாக ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியாளர் சும்மா இருப்பாரா? நடக்க முடிந்ததும் மருத்துவ நூலகத்துக்குப் போய்த் தேடினார். வைத்தியர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அங்கேதான் விளங்கியது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நோயாளிகளின் ஆயுட்காலத்தின் இடையம் எட்டு மாதம் என்று எழுதியிருந்தது. சிறிது நேரம் அதிர்ந்துபோய் இருந்தவர், பிறகு தனக்குத் தெரிந்த புள்ளிவிபரவியலைக் கொண்டு யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனையைத்தான் 1985இல் டிஸ்கவர் என்ற சஞ்சிகையில் கட்டுரையாக எழுதினார்.

இடை, இடையம், ஆகாரம் ஆகிய மூன்றையும் சாதாரண தரக் கணிதத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இடையம் என்பது எண்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்பது. அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதை அது சொல்வதே இல்லை. வீட்டுக்கு வந்து, மாமியின் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் வாப்பாவுக்கு ஓர் உதாரணம் எழுதிக் காட்டினேன். நானே கற்பனையாக எடுத்த எண்கள்தான். ஏழு நோயாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வாழ்ந்த மாதங்கள் 2, 4, 6, 8, 20, 60, 240. நடுவில் நிற்கிறவர் எட்டு மாதம் வாழ்ந்தவர். ஆகவே இடையம் எட்டு. ஆனால் கடைசியில் நிற்கிறவர் 20 வருடம் வாழ்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் இடை ஏறத்தாழ 49 மாதம்.

வாப்பா கடை வைத்திருப்பவர். உறையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நம்மட கடை மாதிரித்தான். நோன்பு மாசத்துல ஒரு நாள் விக்கிறது மத்த நாள் பத்துக்குச் சமன். நடுவுல உள்ள ஒரு நாளப் பாத்து வருசத்த கணக்குப் பாக்க ஏலா" என்றார். பிறகு, "எங்கட புள்ள எந்த இடத்துல நிக்கிறாளோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கணிதத்தில் விடை இல்லை. ஆனால் அது சரியான கேள்வி.

கூல்ட் கேட்டதும் அதே கேள்விதான். தான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று அவர் பார்த்தார். வயது குறைவு, நோய் ஒப்பீட்டளவில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, நல்ல சிகிச்சை கிடைக்கிறது. அந்த வரிசையின் வலப்பக்க நீண்ட வாலில் தான் நிற்பதற்கு நியாயமான காரணங்கள் இருப்பதாக அவர் கண்டார். அதோடு, பழைய எண்கள் பழைய சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து வந்தவை. புதிய சிகிச்சை பெறுகிறவருக்கு அவை அப்படியே பொருந்தா. எட்டு மாதம் என்று வாசித்த அந்த மனிதர் அதற்குப் பிறகு ஏறத்தாழ 20 வருடம் வாழ்ந்தார். கூர்ப்புக் கொள்கை பற்றி 1,400 பக்கங்களைத் தாண்டிய ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். 2002 மே மாதத்தில், 60 வயதில், இந்த நோயோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோயால் காலமானார்.

இதை ஒரு மந்திரக் கதையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே இடையத்தின் இடப்பக்கமும் உண்மைதான். பாதிப்பேர் அந்த எட்டு மாதத்துக்குள் மரணித்தார்கள். அவர்களில் நம்பிக்கை உள்ளவர்களும் இருந்திருப்பார்கள், நல்ல வைத்தியம் கிடைத்தவர்களும் இருந்திருப்பார்கள். எண் பொய் சொல்லவில்லை. அது ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நாங்கள்தான் அதை ஒரு மனிதரின் தவணையாக வாசித்தோம். ஒரு மனிதரின் தவணை அல்லாஹ்விடம் இருக்கிறது என்று ஈமான் கொண்டவர்கள் நாம். அப்படியிருந்தும் தொலைபேசித் திரையில் தெரிந்த ஓர் எண்ணைத் தவணையாக எடுத்துக்கொண்டு, சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குப் போயிருந்தோம்.

அந்த வாரமே மாமியை மஹரகம வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போக வாப்பாவும் மாமாவும் முடிவெடுத்தார்கள். பெரியப்பா இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்து கொடுத்தார். வழியெல்லாம் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே தமிழ் தெரிந்த இளம் வைத்தியர் ஒருவர் மாமியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு உங்கள் நோயைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். மாமா பதறிப்போனார். மாமி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மஹரகமைக்குக் கூட்டி வந்துட்டு காஸ் எண்டா சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். வாப்பா அழுதார். மாமி அழவில்லை. இத்தனை நாளும் நாங்கள் மாமியிடம் மறைத்துக்கொண்டிருந்தோம். மாமி தனக்குத் தெரிந்ததை எங்களிடம் மறைத்துக்கொண்டிருந்தார்.

வருத்தம் எங்கே இருக்கிறது என்று மாமி என்னிடம் கேட்டபோது, "அபாயாவுக்கு உள்ளுக்குப் போடுற லைனிங் மாதிரி ஒண்டு வயித்துக்குள்ள இருக்கு மாமி. அதிலதான்" என்றேன். "அப்ப லைனிங்கக் கழட்டிட்டு வேற போட ஏலாதா?" என்றார் உடனே. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், உண்மையிலேயே ஏறத்தாழ அதைத்தான் சத்திரசிகிச்சை நிபுணர்கள் செய்கிறார்கள், வேறு போடுவது மட்டும்தான் இல்லை. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் போல் சுகர்பேக்கர் வளர்த்தெடுத்த முறை அது. நோய் பிடித்த சுற்றுவிரியின் பகுதிகளை உரித்தெடுக்கிறார்கள். தேவைப்பட்டால் மண்ணீரல், பித்தப்பை, குடலின் சில துண்டுகளையும் அகற்றுகிறார்கள். பிறகு 41 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய புற்றுநோய் மருந்தை வயிற்றறைக்குள் ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றரை மணித்தியாலம் சுற்றவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் கலங்களை அழிப்பதே நோக்கம். முழுச் சத்திரசிகிச்சையும் பல மணித்தியாலம் நீடிக்கும்.

இந்த முறையால் எண் எப்படி மாறியது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. எட்டு மருத்துவ நிலையங்களில் இச்சிகிச்சை பெற்ற 405 பேரின் விபரங்களைத் தொகுத்து 2009இல் வெளியிட்டார்கள். அவர்களின் ஆயுட்கால இடையம் 53 மாதம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் 47 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்த 405 பேரும் இவ்வளவு பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்கக்கூடியவர்கள் என்று தெரிவு செய்யப்பட்டவர்கள். அந்த எண்ணையும் மாமியின் தலையில் அப்படியே வைக்க முடியாது.

மாமிக்கு அந்தச் சத்திரசிகிச்சை செய்யப்படவில்லை. சிறுகுடலின் மேற்பரப்பில் புள்ளிகள் அதிகமாக இருந்தன. எல்லாவற்றையும் எடுக்கப் போனால் உணவை உறிஞ்சுவதற்குப் போதிய குடல் மிஞ்சாது. ஆகவே மருந்துச் சிகிச்சை தொடங்கினார்கள். பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாற்றின் என்ற இரண்டு மருந்துகள். 21 நாளைக்கு ஒருமுறை நாளத்தின் ஊடாக ஏற்றுவார்கள். பெமெட்ரெக்ஸெட் போலிக் அமிலத்தின் தொழிற்பாட்டைத் தடுத்துத்தான் புற்றுநோய்க் கலங்கள் டீ.என்.ஏ. உருவாக்குவதை நிறுத்துகிறது. அதனால் நல்ல கலங்கள் அளவுக்கு மீறிப் பாதிக்கப்படாமலிருக்க, நாள்தோறும் போலிக் அமில மாத்திரையும் ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை விற்றமின் பீ12 ஊசியும் கொடுக்கிறார்கள். சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது என்பதால் முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுவார்கள். இவற்றையெல்லாம் மாமியின் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

மாமிக்கு வாந்தி வந்தது. சோற்றின் வாசமே பிடிக்கவில்லை. றமழானில் நோன்பு பிடிக்க முடியாமல் போனதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மௌலவி ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். ஆறு தடவை மருந்து ஏற்றி முடிந்தபோது வயிற்றில் நீர் பெருமளவு குறைந்திருந்தது.

இது ஏன் மாமிக்கு வந்தது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மீசோதீலியோமாவுக்கு மிக நன்றாக அறியப்பட்ட காரணம் அஸ்பெஸ்டஸ். அதன் நுண்ணிய நார்கள் மூச்சோடு உடலுக்குள் போனால் நோய் வெளிப்பட 20 முதல் 50 வருடம் வரைகூட ஆகலாம். 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னர் என்பவரும் அவரது சகாக்களும், அஸ்பெஸ்டஸ் சுரங்கப் பகுதியோடு தொடர்புடைய 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைக் கவனித்தது. அவர்களுக்கு நோய் வந்தது நுரையீரலைச் சுற்றியுள்ள விரிப்பில். நமது நாட்டில் எத்தனை வீடுகளுக்கு, எத்தனை வகுப்பறைகளுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018 முதல் அதன் இறக்குமதியை நிறுத்தப் போவதாக அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அப்போது நமக்குப் பெருமளவில் அஸ்பெஸ்டஸ் அனுப்பிய நாடும் ரஷ்யாதான். அதன் பின் அந்தத் தடை ஒத்திவைக்கப்பட்டது.

மாமியின் வீட்டுக்கும் அந்தக் கூரைதான். "அதாலதான் வந்ததா?" என்று மாமா கேட்டபோது, அப்படிச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். வயிற்றுச் சுற்றுவிரியில் இந்நோய் வரும் பெண்களில் பலருக்கு அஸ்பெஸ்டஸ் தொடர்பு எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. சிலருக்குப் பரம்பரை அலகில் மாற்றம் இருக்கிறது. மாமாவின் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியதைக் கண்டேன். ஆனாலும் கூரைத் தகட்டை வெட்டுவது, துளையிடுவது, உடைப்பது, காய்ந்த நிலையில் உரசிக் கழுவுவது ஆகியவற்றில்தான் நார்கள் காற்றில் கலக்கின்றன. உடைந்த துண்டுகளை முற்றத்தில் போட்டுச் சிறுபிள்ளைகள் விளையாட விடுவதும் ஆபத்து. இதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது.

மாமியின் நோய்க்குப் பெயர் கிடைத்து இப்போது 15 மாதமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறார். சென்ற முறை புள்ளிகள் வளரவில்லை என்றார்கள். அடுத்த முறை என்ன சொல்வார்கள் என்பது யாருக்கும் தெரியாது. காலையில் இரண்டு மணித்தியாலம் மெஷினில் உட்காருகிறார். இவ்வருடம் எங்கள் வீட்டுப் பெருநாள் உடுப்புகளை அவரே தைத்தார். பெரியப்பா இப்போது மாதக் கணக்குப் பேசுவதில்லை. அடுத்த கிளினிக் திகதியை மட்டும் கேட்டுக் கலண்டரில் குறித்துக்கொள்கிறார்.

தோழிகளே, நம் வீடுகளில் உம்மாமார் தங்கள் வருத்தத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய நேரத்தில்தான் தங்கள் உடம்பைப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வாரமாகியும் குறையாத வயிற்று வீக்கம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, காரணமில்லாமல் மெலிவது ஆகியவை இருந்தால் மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தால் நேரத்தோடு தெரியவரும்.

நோய்க்கு மருந்தைத் தேடுங்கள் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. மருந்தைத் தேடுவதில் சரியான பெயரைத் தேடுவதும், எண்ணைச் சரியாக வாசிப்பதும், நோயாளியிடம் உண்மையைப் பேசுவதும் அடங்கும். மாமிக்காக ஒரு துஆச் செய்யுங்கள். அவரைப் போல மஹரகம பஸ்ஸில் இரவிரவாகப் பயணம் செய்யும் எல்லோருக்காகவும் செய்யுங்கள்.